கதைக்கு முத்திரை கேட்காதீர்கள்: மலர்க் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கலாசாரப் பேரவைச் செயலாளருக்கும் மலர்க் குழுவினருக்கும்,

வணக்கம். மலரில் வெளியிட அனுப்பும் ஆக்கத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் கிராம அலுவலரின் (விதானையாரின்) கையொப்பமும் முத்திரையும் வேண்டும் என்று இம்முறை அறிவித்திருக்கிறீர்கள். அந்த நிபந்தனையை நீக்கித் தாருங்கள்.

சொந்த ஆக்கம் என்று உறுதிப்படுத்தவே இது என்கிறீர்கள். ஒரு கதை யாருடையது என்று விதானையாருக்கு எப்படித் தெரியும்? ஆளைத் தெரியும், அவ்வளவுதான்.

நடப்பது இதுதான். அவரது அலுவலக வாங்கில் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு, வதிவிடச் சான்று, மின் இணைப்பு என்று பத்துப் பேர் இருப்பார்கள். மேசையில் கதை விரியும். வாசிக்காமல் கையொப்பமிடுங்கள் என்று அவரிடம் கேட்கவும் முடியாது. பக்கத்தில் நிற்பவரும் எட்டிப் பார்ப்பார். இரவில் ஆற்றுமணல் ஏற்றும் டிப்பரைப் பற்றிய கதையென்றால் பொழுதுபடமுன் ஊருக்கே தெரிந்துவிடும். நாளைக்கு வேறொரு சான்றுக்கு அதே மேசைக்குத்தான் வரவேண்டும். அதனால் எழுதியவர் வீட்டிலேயே வெட்டத் தொடங்குவார். முதலில் ஊர்ப்பெயர் போகும், பிறகு டிப்பரின் நிறம், பிறகு டிப்பரே போய்விடும். கடைசியில் ஆறும் நிலவும் மிஞ்சும். காணாமலாக்கப்பட்ட மகனைப் பற்றி எழுதும் தாய் அந்த வாங்கில் போய் இருக்கவே மாட்டார்.

இது வீண் பயமல்ல. மன்னாரைச் சேர்ந்த அஹ்னாப் ஜஸீம் கவிதைத் தொகுதி ஒன்றின் பேரில் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானார். பிணை கிடைத்தது 2021 டிசம்பரில். குற்றமற்றவர் என்று தீர்ப்பு வர 2023 டிசம்பர் ஆயிற்று. சிங்களத்தில் எழுதும் சக்திக சத்குமார ஒரு சிறுகதைக்காக 2019 ஏப்ரல் முதல் ஓகஸ்ட் வரை விளக்கமறியலில் இருந்தார். வெளியிடும் உரிமையும் சேர்ந்த பேச்சுச் சுதந்திரம் இலங்கை அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரையில் இருக்கிறது. ஒரு கதையை அச்சுக்குக் கொடுக்க யாரிடமும் முத்திரை வாங்கும்படி அங்கே சொல்லவில்லை.

களவைத் தடுக்க வேறு வழி உண்டு. பிரதியில் புனைபெயர் மட்டும் இருக்கட்டும். பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், 'இது என் சொந்த ஆக்கம்' என்ற ஒப்பமிட்ட உறுதிமொழி எல்லாம் ஒட்டிய சிறிய உறையில் தனியே வரட்டும். இரண்டிலும் ஒரே இலக்கத்தை இடுங்கள். நடுவர்களிடம் பிரதி மட்டும் போகட்டும். தெரிவானபின் செயலாளர் ஒருவரே உறையைத் திறக்கலாம். தெரிவாகாதவர்களின் உறைகளைத் திறக்காமலே திருப்பிக் கொடுங்கள்.

பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் தட்டச்சுச் செய்யவேண்டும் என்பதையும் விடுங்கள். அதற்காகத் தட்டச்சுச் செய்துகொடுக்கும் கடைக்கு (கொமினிகேசனுக்கு) போனால் தட்டச்சு செய்பவர் வாசிப்பார், கோப்பும் அந்தக் கணினியிலேயே கிடக்கும். கையெழுத்துப் பிரதியையும் யுனிகோட்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள். பக்கம் அமைப்பவர் யுனிகோட்டைப் பாமினிக்கு மாற்றச் சில நிமிடங்கள் போதும். மின்னஞ்சலில் வரும் வேர்ட் கோப்பின் பண்புகளில் எழுதியவரின் பெயர் ஒளிந்திருக்கும். நடுவர்களுக்கு அச்செடுத்தே கொடுங்கள்.

தயவுசெய்து முத்திரை நிபந்தனையை நீக்கி, முடிவுத் திகதியை இரண்டு வாரம் தள்ளி, திருத்திய அறிவித்தலைச் செயலகப் பலகையிலும் நூலகங்களிலும் ஒட்டுங்கள். முத்திரைக்காக வெட்டிக் கொடுத்தவர்கள் அந்தப் பிரதியை மீளப் பெற்று முழுக் கதையையும் தர இடம் விடுங்கள்.

இப்படிக்கு,
வன்னியில் எழுதுவோர் சிலர்