மேஸ்திரியிடம் நீதான் பேச வேண்டும்

ரங்கூன்

அன்பு மச்சானுக்கு,

மேஸ்திரி தன் சின்ன மகன் விஷயமாக உனக்குப் போன் போட்டிருப்பான். இன்னும் போடவில்லை என்றால் இந்த வாரத்துக்குள் போடுவான். அவன் புலம்பலைக் கேட்டு நீ ஏதாவது வாக்குக் கொடுத்துவிடுவதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் ராத்திரியோடு ராத்திரியாக உட்கார்ந்து எழுதுகிறேன். நாளைக்கு உளுந்து விஷயமாக ஓர் ஆள் சென்னைக்குப் புறப்படுகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசக்கூடாதா என்று கேட்காதே. நெட் பாதியில் அறுந்துவிடும், நீயும் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நாலு வாக்கியம் பேசிவிடுவாய்.

மற்றபடி எல்லோரும் சுகம். உன் தங்கச்சிக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. நிலநடுக்கத்தில் மண்டலே வீட்டுச் சுவரில் விழுந்த விரிசலை அடைத்துவிட்டார்கள். காளியம்மன் கோயிலில் உன் பேருக்கு அர்ச்சனை செய்தாகிவிட்டது. விலைவாசியைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தாள் போதாது. நீ பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ தின்றுகொண்டு சௌக்கியமாக இரு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மேஸ்திரியின் சின்னவனுக்குப் பெகுவில் ஒரு பெண் பார்த்தார்கள் அல்லவா? எல்லாம் கூடி வந்து, தட்டு மாற்ற நாள் குறிக்கும் நேரத்தில் பெண் வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள். "மாப்பிள்ளை சாராயக் கடையில் ஊற்றிக் கொடுக்கிறாராமே" என்று யாரோ அவர்கள் காதில் போட்டுவிட்டார்கள். மேஸ்திரி பையனைக் கூப்பிட்டு, "அந்த வேலையை விடுகிற வரைக்கும் என் வாசல்படி மிதிக்காதே" என்று சொல்லிவிட்டான். அவனும் மிதிக்கவில்லை. பையனுக்கு முப்பத்தாறு முடிந்துவிட்டது. 2024-இல் அமலுக்கு வந்த, பட்டாளத்தில் கட்டாயமாகச் சேர்க்கும் அந்தச் சட்டத்துக்கு வயசு தாண்டிவிட்டது என்று நாங்கள் எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டோம். பெற்ற தகப்பனோ இப்படிச் செய்கிறான்.

அப்புறம் மேஸ்திரி என் கடைக்கு வந்தான். "நீ போய்ச் சொல்லு, உன் பேச்சைத்தான் கேட்பான்" என்றான். சரி என்று கிளம்பினேன்.

எந்தத் தெரு என்று எழுதமாட்டேன், பையனுக்குப் பிடிக்காது. ஆற்றுப் பக்கத்துக் கீழ்த் தெருக்களில் ஒன்று என்று வைத்துக்கொள். போர்டு கிடையாது. நம் காலத்தில் மாடியிலிருந்து தெருவுக்குக் கயிறு தொங்கவிட்டு, கீழே இருந்து இழுத்தால் மேலே மணியடிக்குமே, ஞாபகம் இருக்கிறதா? பால்காரனும் பேப்பர்காரனும் இழுப்பார்கள், உன் தம்பி இழுத்துவிட்டு ஓடுவான். இப்போதும் ஊரெல்லாம் அந்தக் கயிறுகள் இருக்கின்றன. அவற்றில் நீலக் கயிறாகப் பார்த்து இழுக்க வேண்டும். இழுத்தால் மூன்றாம் மாடியிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்க்கிறாள். ஏறிப் போனால் சாதாரண வீட்டுக் கதவுதான், வெளியே செருப்பு ஸ்டாண்டுகூட இருக்கிறது.

பார் என்றதும் உனக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். டிவியில் பந்தாட்டம், காது கிழியும் பாட்டு, பீர் ஸ்டேஷன் கூச்சல். தட்டோன் கல்யாணத்தில் நீ குடித்த கள்ளைப் பற்றி இங்கே நான் பேச்செடுக்கவில்லை. இங்கே அதெல்லாம் ஒன்றும் இல்லை மச்சான். எட்டு நாற்காலி. இடித்த பழைய வீடு ஒன்றிலிருந்து வாங்கிய ஒரே தேக்குப் பலகையில் கவுண்டர். விளக்கு வெளிச்சம் அந்தப் பலகை மேல் மட்டும் விழுகிறது. பேசுகிறவர்கள் தணிந்த குரலில் பேசுகிறார்கள். நாலு பேருக்கு மேல் கூட்டமாக வந்தால், அடுத்த முறை இரண்டிரண்டு பேராக வாருங்கள் என்று பக்குவமாகச் சொல்லி அனுப்பிவிடுவார்களாம். தோக்கியோவில் இந்த மாதிரிக் கடைகள் ஏராளம். ஷின்ஜுக்குவில் கோல்டன் காய் என்று ஓர் இடம், ஆறு சந்துகளுக்குள் ஏறக்குறைய 200 கடைகள், பலவற்றில் பத்துப் பேர் உட்கார்ந்தாலே நெரிசல். கடையை நடத்துகிறவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நம் சின்னவன் வேலை கற்றுக்கொண்டதும் அப்படி ஒரு மாஸ்டரிடம்தான். இங்கே நாடு கொஞ்சம் திறந்திருந்த காலத்தில் ஜப்பானிலிருந்து வந்து கடை போட்டவர் அவர். 2021-இல் பட்டாளம் ஆட்சியைப் பிடித்த பிறகு ஊருக்குத் திரும்பும்போது கடையை இவன் பொறுப்பில் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

என்னைப் பார்த்ததும், "வாங்க மாமா" என்றான். அப்பா அனுப்பினாரா என்று கேட்கவில்லை. சுடச்சுட ஒரு சின்னத் துண்டை நீட்டினான், கை துடைத்துக்கொள்ள. அப்புறம் ஒரு கிண்ணத்தில், லப்பெத்தோவுக்கு, அதுதான் ஊறவைத்த தேயிலைக் கலவைக்கு, போடுவோமே, அந்த வறுத்த பயறும் பூண்டும் எள்ளும், மேலே இரண்டு சொட்டு எலுமிச்சை. ஜப்பானில் உட்கார்ந்ததும் கேட்காமலே ஏதாவது ஒன்று கொறிக்க வைப்பது வழக்கமாம். அவன் நம் ஊர்ச் சாமானை வைக்கிறான்.

பிறகு ஐஸை எடுத்தான். அங்கேதான் என் வாய் அடைத்துப்போனது.

இந்த ஊரில் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. இதில் அவன் ஐஸ் செய்கிறான். மார்க்கெட்டில் மீன் வருமே, அந்த வெள்ளைத் தெர்மாகோல் பெட்டியைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, மேலே திறந்தபடி ஃப்ரீசருக்குள் வைக்கிறான். நாலு பக்கமும் குளிர் ஏறாது, மேலேயிருந்து மட்டும் மெதுவாக இறுகிக்கொண்டு வரும். தண்ணீரில் இருக்கிற காற்றும் உப்பும் கீழே தள்ளப்பட்டுவிடும். முழுக்க இறுகுவதற்குள் வெளியே எடுத்து, அடியில் கலங்கியிருப்பதை ரம்பத்தால் அறுத்து எறிந்துவிட்டால் மிச்சம் கண்ணாடி. அதன் பின்னால் பேப்பரை வைத்தால் எழுத்துப் படிக்கலாம், வைத்துப் பார்த்தேன். கரண்ட் போனால் ஜெனரேட்டர், ஜெனரேட்டருக்கு டீசல் இல்லாத நாளில் செய்தது பாழ். மறுபடி ஆரம்பிக்கிறான். "மார்க்கெட் ஐஸைப் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?" என்று கேட்டேன். "எனக்குத் தெரியுமே மாமா" என்றான்.

கட்டியை எடுத்தவுடனே ஊற்றிவிடவில்லை. வெளியே வைத்து, மேலே படிந்த வெண்மை போய் பளபளவென்று ஈரம் பூக்கும் வரைக்கும் காத்திருந்தான். அதற்கு முன்னால் ஊற்றினால் விண்டுவிடுமாம். பிறகு இடது உள்ளங்கையில் துணி மேல் அதை வைத்துக்கொண்டு, கூரான குத்தூசியால் மூலைகளைத் தட்டித் தட்டி உருட்டிக்கொண்டே வந்தான். கிளாசுக்குள் சரியாக இறங்கும் உருண்டை. முதலில் ஐஸை மட்டும் சுற்றிக் கிளாசைக் குளிரவைத்தான், உருகின தண்ணீரை வடித்துக் கொட்டினான், அப்புறம்தான் விஸ்கி, மறுபடி ஒரு சுற்று. சோடாவை ஐஸ் மேல் படாமல் ஓரமாக இறக்கினான். நீளக் கரண்டியை உள்ளே விட்டு ஒரே ஒரு தடவை தூக்கிவிட்டான், அவ்வளவுதான். கிளறினால் குமிழி போய்விடும் என்றான். இடியாப்ப மாவுக்கு அம்மா கொதிநீர் ஊற்றும்போது யாரும் பக்கத்தில் பேசக்கூடாது, அந்தக் கவனம் அவன் முகத்தில். நான் குடித்தது அந்த ஒரு கிளாஸ்தான். இரண்டாவது கேட்டிருந்தாலும், "சாப்பிட்டீங்களா மாமா?" என்று விசாரித்துவிட்டுத்தான் கொடுத்திருப்பான், வேறொருவரிடம் அப்படிக் கேட்டதைப் பார்த்தேன்.

மேஸ்திரி சொன்னதை நான் சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன், தூது போனவன் தூதுவேலையைச் செய்ய வேண்டும். அவன் கோபப்படவில்லை. பின்னால் இருந்த ஒரு பாட்டிலைக் காட்டி ஒரு கதை சொன்னான். தகெத்ஸுரு மஸதாகா என்று ஒருவர், ஹிரோஷிமாப் பக்கத்தில் பரம்பரையாக அரிசிச் சாராயம் வடிக்கிற குடும்பம். அந்தத் தொழிலை எடுத்து நடத்த வேண்டிய பிள்ளை, 1918-இல் விஸ்கி படிக்கிறேன் என்று ஸ்காட்லாந்துக்குக் கப்பல் ஏறினார். 1920-இல் அங்கேயே ரீட்டா என்கிற பெண்ணைக் கட்டிக்கொண்டார். இரண்டு வீட்டுக்கும் சம்மதம் இல்லை. திரும்பி வந்து, தோரி ஷின்ஜிரோ 1923-இல் யமஸாக்கியில் தொடங்கிய ஜப்பானின் முதல் விஸ்கி ஆலையைக் கட்டிக் கொடுத்தார். பிறகு விலகி, 1934-இல் வடக்கே குளிர்ப் பிரதேசத்தில் யொய்ச்சி என்ற ஊரில் சொந்த ஆலை. விஸ்கி பீப்பாயில் ஊறி வெளியே வர வருஷக்கணக்கு ஆகும் அல்லவா, அதுவரை ஆப்பிள் சாறு விற்றுக் காலம் தள்ளினார்கள். முதல் விஸ்கி 1940-இல்தான் கடைக்கு வந்தது. "அப்பாகிட்ட நான் ஆறு வருஷம் கேட்கல மாமா, ஒரு நாள் வந்து உட்காரச் சொல்லுங்க போதும்" என்றான்.

இன்னொன்றும் பார்த்தேன். மேல் தட்டில் பாட்டில்கள் வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றின் கழுத்திலும் பேர் எழுதிய அட்டை. வாடிக்கைக்காரர்கள் முழு பாட்டிலை வாங்கி அங்கேயே வைத்துவிட்டுப் போவார்களாம், வரும்போதெல்லாம் அதிலிருந்து ஊற்றிக் கொடுப்பது. திலாவா தொழிற்பேட்டையில் வேலை பார்த்த ஜப்பான்காரர்கள், நம் பர்மியப் பையன்கள், நம் ஆட்கள் இரண்டு பேர். பாதிக்குமேல் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். ஜப்பானில் சில மாதம் வராவிட்டால் எடுத்துவிடும் கடைகள் உண்டு. இவன் எடுக்கவில்லை. துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறான். ஒரு பாட்டிலில் இரண்டு விரல்கடைதான் மிச்சம், அதற்கும் அட்டை இருக்கிறது. "திரும்பி வந்து கேட்டா என்ன சொல்றது மாமா?" என்கிறான்.

மேஸ்திரியின் ஆத்திரம் சாராயம் மட்டும் இல்லை என்று உனக்கும் தெரியும். "என் தாத்தாவைக் கொன்றவன் சரக்கை என் பிள்ளை ஊற்றுவதா?" என்று என் கடையில் நின்று கேட்டான். அதற்கு என்னிடம் பதில் இல்லை, இருக்கவும் முடியாது. அவன் தாத்தாவை ஜப்பான்காரர்கள் போர்க்காலத்தில் சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள், எலும்புகூடத் திரும்பவில்லை. 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். வெள்ளைக்காரக் கைதிகளைவிடப் பல மடங்கு செத்தவர்கள் மலாயாவிலிருந்து வந்த நம் தமிழர்களும் இந்த நாட்டுக்காரர்களும்தான். அதே வீட்டில் அவன் அம்மா வழி மாமா நேதாஜி படையில் சேர்ந்து ஜப்பான்காரனோடு சேர்ந்து நடந்தார். அந்த வீட்டில் ஜப்பான் என்றால் ஒரே ஓர் அர்த்தம் எப்போதுமே இருந்ததில்லை. அவன் பாட்டி டிரங்குப் பெட்டியில் செல்லாத ஜப்பான் நோட்டுக் கட்டு வைத்திருந்தாளே, நாம் அதை வைத்துக் கடை விளையாடி அடி வாங்கினோம்.

பையனுக்கு இது தெரியாது என்று மேஸ்திரி நினைக்கிறான். தெரியும். அந்தப் போர்க்காலத்தில் வெளிநாட்டுப் பீப்பாய் வரத்து நின்றுபோனதால் ஜப்பான்காரர்கள் தங்கள் நாட்டு ஓக் மரத்திலேயே பீப்பாய் செய்தார்கள், மிஸுனாரா என்று பேர். ஒழுகுகிற மரம். ஆனால் பல வருஷம் ஊறினால் சந்தன வாசனை ஏறுகிறது. மாஸ்டர் அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போன ஒரு பாட்டிலைத் திறந்து முகரக் கொடுத்தான். சந்தனமேதான். "அதே வருஷங்கள் மாமா" என்றான். தாத்தா கதையை மாஸ்டரிடம் அவன்தான் சொல்லியிருக்கிறான். கேட்ட மனுஷன், அந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போ என்று கேட்டு, இரண்டு பேரும் அந்த ரயில் பாதையின் பர்மா முனையான தான்ப்யூஸாயாட் வரைக்கும் போயிருக்கிறார்கள். அங்கே சிப்பாய்களுக்குக் கல்லறை வரிசை வரிசையாக, பேரோடு இருக்கிறது. நம் ஆட்களுக்கு அப்படி ஒரு கல் இல்லை. இருவரும் பாதையின் ஓரமாகக் கொஞ்ச தூரம் நடந்து, ஒரு மரத்தடியில் ஊதுவத்தி ஏற்றிவிட்டு வந்தார்களாம். இதை வீட்டில் சொல்ல அவனுக்குத் துணிச்சல் வரவில்லை. நான் சொன்னால் மேஸ்திரி என் மேல் பாய்வான். நீ சொன்னால் கேட்பான், நீ கடல் தாண்டி இருக்கிறாய், உன்னோடு அவன் சண்டை போட்டதே கிடையாது.

அதனால் அவன் போன் போட்டால் வாக்குக் கொடுக்காதே. முதலில் தான்ப்யூஸாயாட்டைச் சொல். ஐஸைப் பற்றிச் சொல், அவனும் கை வேலை தெரிந்தவன், புரியும். குடி தப்பு என்று ஆரம்பித்தால் வாதாடாதே, குடித்துக் கெட்டவர்களை நாமும் பார்த்திருக்கிறோம், அவன் பயம் நியாயமானது. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. அன்றைக்கு அப்பா வந்தால் எலுமிச்சை சோடா போட்டுத் தருகிறேன், ஒரு பாட்டிலும் கண்ணில் படாது என்கிறான் பையன். நான் கூட்டிக்கொண்டு போகிறேன். படியேறி வர ஒப்புக்கொள்ள வைப்பது உன் பொறுப்பு.

பெகு பெண் வீட்டார் உன் சம்பந்திக்கு ஒன்றுவிட்ட சொந்தம்தானே? அவர்களுக்கும் ஒரு போன் போடு. பெண்ணுக்குச் சம்மதமாம், பையனே சொன்னான்.

உன்,
மச்சான்

பி.கு.: இந்த ஆள் திரும்பும்போது உன் தங்கச்சிக்குச் சுகர் மாத்திரை வாங்கிக் கொடுத்தனுப்பு. பழைய அட்டையை உள்ளே வைத்திருக்கிறேன், அதே கம்பெனியாகப் பார்த்து வாங்கு. பணம் உளுந்துக் கணக்கில் கழித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.