ஆங்கிலச் சொல்வளம்: பட்டியலை மாற்றுங்கள்

ஆசிரியருக்கு,

உயர்தரப் பரீட்சை முடிந்து பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் திருகோணமலையில் ஆங்கில வகுப்புகளை நாடுகிறார்கள். பல வகுப்புகளில் கையில் கிடைப்பதோ அபூர்வமான ஆங்கிலச் சொற்களும் எதிரே ஒற்றைத் தமிழ்ச் சொல்லும் கொண்ட போட்டோப் பிரதி. இது வீண் உழைப்பு.

வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தின் ஏவரில் கொக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்களே (ஒரு சொல்லும் அதன் உறவுச் சொற்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) உள்ளன. அவர் ஆராய்ந்த கல்விசார் நூல்களிலும் கட்டுரைகளிலும் நூற்றுக்கு ஏறத்தாழப் பத்துச் சொற்கள் இவைதாம், கதைநூல்களிலோ 1.4 சதவீதம் மட்டுமே. ஆகவே நாவல் வாசித்தால் எல்லாம் வந்துவிடும் என்பதும் சரியல்ல. பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

அதையும் அப்படியே மனனம் செய்யக் கொடுத்துவிடாதீர்கள். ‘எவிடென்ஸ்’ என்பதற்கு ‘சான்று’ என்று மட்டும் எழுதினால், தமிழில் சான்றுகள் என்று பன்மை வருவதால், பிள்ளை ‘மெனி எவிடென்ஸஸ்’ என்று எழுதும். ஆங்கிலத்தில் அது பன்மை ஏற்காத, எண்ணிக் கணக்கிட முடியாத பெயர்ச்சொல். மாறாக, ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை செய்யுங்கள். அதன் முன்பக்கம் அந்தச் சொல்லின் இடம் வெறுமையாக விடப்பட்ட முழு வாக்கியம் இருக்கட்டும். பின்பக்கம் சொல்லும், அதனோடு சேர்ந்து வரும் ‘ஸ்ட்ரோங் எவிடென்ஸ்’, ‘புரொவைட் எவிடென்ஸ்’ போன்ற தொடர்களும், ‘எவிடென்ட்’, ‘எவிடென்ட்லி’ என்ற உறவுச் சொற்களும். வாக்கியத்தைப் பாடநூலிலிருந்தே எடுப்பது நல்லது.

நாளொன்றுக்கு ஐந்து அட்டை போதும். மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், இரு வாரம், ஒரு மாதம் என்று இடைவெளி விட்டுத் திரும்பப் பார்க்க வேண்டும். தவறியது மீண்டும் முதல் நாளுக்குப் போகும். அட்டையைத் திருப்புமுன் விடையை எழுதியே ஆகவேண்டும். பார்த்ததும் தெரிந்ததுபோல் தோன்றும் சொல், கட்டுரை எழுதும்போது கைக்கு வராது. ‘அஃபெக்ட்’, ‘எஃபெக்ட்’ போன்ற இரட்டைகளை ஒரே நாளில் கொடுக்கவே கூடாது. ஒன்று நன்றாகப் பதியுமுன் மற்றது வந்தால் இரண்டும் குழம்பும்.

நல்ல வாக்கியங்களுக்குக் கற்போருக்கான ஆங்கில–ஆங்கில அகராதி அவசியம். அதன் விலை பல குடும்பங்களுக்கு எட்டாது. நகரிலும் மூதூர், கிண்ணியாவிலும் உள்ள நூலகங்கள் சில பிரதிகளை வாங்கி, ஒரு வாரமாவது இரவல் கொடுக்க வேண்டும். உசாத்துணைப் பகுதியில் பூட்டி வைத்தால், பின்னேரம் வகுப்பு முடிந்து பஸ் பிடிக்க ஓடும் பிள்ளைக்கு அது உதவாது.

ஆங்கில ஆசிரியர்கள் சிலர்,
திருகோணமலை.