முகமூடி முதலில், காரணம் பிறகு

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. இளையவள் விமானப் பணிப்பெண் பயிற்சியில் சேர்ந்திருக்கிறாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. விமானப் பராமரிப்பு வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்ற பிறகு, விமானத்தைப் பற்றி என்னிடம் ஏதாவது கேட்பதற்கு ஆளே இல்லை; அந்தக் குறையை நீங்கள் தீர்த்துவைத்தீர்கள். நடுவானில் காற்றழுத்தம் போய்விட்டால் என்ன ஆகும் என்று உங்கள் துணைவியார் கவலைப்படுவதாக எழுதியிருந்தீர்கள். அது நியாயமான கவலைதான். ஆனால், அவர் எதை நினைத்து அஞ்சுகிறாரோ அதைவிட அஞ்ச வேண்டியது வேறொன்று.

35,000 அடி உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழக் கால் பங்குதான். ஆகவே பெரும்பாலான விமானங்களில் இன்ஜினிலிருந்து அழுத்தம் மிகுந்த காற்றை எடுத்து, குளிரவைத்து உள்ளே செலுத்துகிறார்கள். பின்பகுதியில் உள்ள ஒரு வால்வு அதை அளவாக வெளியே விடுகிறது. இதனால், உள்ளிருக்கும் அழுத்தத்தின்படி பயணி உணரும் உயரம் 8,000 அடியைத் தாண்டுவதில்லை. அதாவது தொட்டபெட்டாவின் உச்சியைவிடச் சற்றுக் கீழே. இந்த ஏற்பாடு 35,000 அடியில் நின்றுபோனால், மனிதன் தெளிவாகச் செயல்படக்கூடிய நேரம் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரைதான். 25,000 அடியில் மூன்று முதல் ஐந்து நிமிடம் கிடைக்கும். அந்த நேரம் கரைவது அவனுக்கே தெரியாது என்பதுதான் கொடுமை: மூச்சு முட்டுவதில்லை, வலிப்பதில்லை, சிலருக்கு உற்சாகமாகக்கூட இருக்கும்.

2005 ஆகஸ்ட் 14 அன்று சைப்ரஸின் லார்னக்காவிலிருந்து ஏதென்ஸுக்குப் புறப்பட்ட ஹீலியோஸ் ஏர்வேஸ் 522 விமானத்தின் கதை இதற்காகவே படிக்கப்பட வேண்டியது. அது போயிங் 737 வகை. முந்தைய இரவு வந்த பணியாளர்கள் பின்கதவு ஒன்றில் சத்தம் கேட்பதாகப் புகார் எழுதியதால், தரையில் அழுத்தக் கசிவுச் சோதனை நடந்தது. அதற்காக அழுத்தக் கட்டுப்பாட்டு சுவிட்சைக் கைமுறைக்கு மாற்றியிருந்தார்கள். அது தானியங்கி நிலைக்குத் திரும்பவே இல்லை. தரையில் வேலை செய்தவன் என்பதால் பழியெல்லாம் எங்கள் ஆட்கள் மேல் விழுவதை என்னால் ஒப்ப முடியவில்லை. புறப்படுவதற்கு முன்னும் பின்னும் சரிபார்ப்புப் பட்டியல்கள் இருந்தும் அந்த சுவிட்ச் விமானிகளின் கண்ணிலும் படவில்லை.

விமானம் 12,000 அடியைக் கடந்தபோது எச்சரிக்கை ஒலித்தது. ஆனால் அதே ஒலிதான், விமானம் புறப்படுவதற்கு ஏற்ற நிலையில் இல்லை என்று தரையில் எச்சரிப்பதற்கும் வைக்கப்பட்டிருந்தது. விமானிகள் அதைத்தான் நினைத்தார்கள். கருவிகளைக் குளிர்விக்கும் அமைப்பின் விளக்கும் எரியவே, நிறுவனத்தின் தரைப்பிரிவோடு வானொலியில் காரணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்; ஆக்சிஜன் முகமூடியை அணியவில்லை. அறிவு மங்க மங்க ஆராய்ச்சியும் குழம்பியது. 29,000 அடியை நெருங்கும்போது பேச்சு நின்றது. ஆட்டோபைலட் மட்டும் தன் வேலையைப் பிசகாமல் செய்து, 34,000 அடிக்கு ஏறி, ஏதென்ஸ் அருகே வட்டமிடத் தொடங்கியது. கிரேக்கப் போர் விமானங்கள் நெருங்கிப் பார்த்தபோது கேப்டனின் இருக்கை காலி, துணை விமானி சாய்ந்து கிடந்தார். கடைசி நிமிடங்களில் ஆந்திரியாஸ் புரோத்ரோமு என்ற விமானப் பணியாளர் விமானி அறைக்குள் வந்ததை அவர்கள் கண்டார்கள். அதற்குள் எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. விமானம் கிராமத்திகோ என்ற ஊரின் அருகே மலைச்சரிவில் மோதியது; 121 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

இதோடு 2024 ஜனவரி 5 அன்று அமெரிக்காவின் போர்ட்லாந்தில் அலாஸ்கா ஏர்லைன்ஸ் 1282 விமானத்துக்கு நேர்ந்ததை ஒப்பிட்டுப் பாருங்கள். சுமார் 15,000 அடியில் கதவு வடிவ அடைப்பு ஒன்று பிய்த்துக்கொண்டு போய், சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது. அதைப் பிடித்திருக்க வேண்டிய நான்கு போல்ட்டுகளும் மாட்டப்படவே இல்லை. இரைச்சலில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. ஆனாலும் விமானிகள் உடனே முகமூடி அணிந்து, விமானத்தை இறக்கி, எல்லோரையும் உயிரோடு தரை சேர்த்தார்கள். உயரம் குறைவாக இருந்தது அவர்கள் பாக்கியம். ஆயினும் ஓட்டை தன்னைத் தானே அறிவித்துக்கொள்கிறது, ஓசையில்லாத கசிவுதான் ஆளை ஏமாற்றுகிறது என்பதே என் கருத்து. 2018 செப்டம்பரில் மும்பையிலிருந்து ஜெய்ப்பூர் புறப்பட்ட ஜெட் ஏர்வேஸ் விமானத்திலும் ஓட்டை எதுவும் இல்லை. இன்ஜின் காற்றைத் திறக்கும் சுவிட்சைப் போட மறந்ததால் முப்பதுக்கும் மேற்பட்டோருக்கு மூக்கில் இரத்தம் வந்தது, காது வலித்தது. முகமூடிகள் விழுந்து, விமானம் திரும்பியதால் பெரிய கேடு இல்லை.

ஆகவே விமானிகளின் வரிசை இதுதான்: முதலில் முகமூடி, பிறகு ஒருவரோடொருவர் பேச முடிகிறதா என்று பார்ப்பது, அதன் பிறகே காரணம். அழுத்தத்தைக் கட்டுப்படுத்த முடியாதென்றால் இன்ஜின் விசையைக் குறைத்து, இறக்கைத் தடுப்புகளை உயர்த்தி 10,000 அடிக்கு இறங்குவார்கள். கீழே மலை இருந்தால் அதற்குரிய பாதுகாப்பான உயரத்துக்கு. மூக்கு கவிழ்ந்து விமானம் விழுவதாகவே பயணிகளுக்குத் தோன்றும். உண்மையில் அதுதான் சரியான வைத்தியம்.

பயணிகளின் முகமூடிகள், உள்ளே உணரும் உயரம் 14,000 அடியை எட்டும்போது தாமாகவே விழும். இழுத்தால்தான் ஆக்சிஜன் வரும். பல விமானங்களில் இருக்கையின் மேலே ஒரு சிறு கலத்தில் வேதிவினையால் அது உண்டாகிறது. ஏறத்தாழ 12 நிமிடம் வரும், அந்தக் கலம் சூடேறுவதால் கருகல் வாடையும் அடிக்கும். அதைத் தீ என்று எண்ணி யாரும் முகமூடியைக் கழற்றிவிடக் கூடாது. முகமூடியோடு இருக்கும் பை உப்பவில்லையே என்றும் பதற வேண்டாம். மூக்கையும் சேர்த்து மூட வேண்டும். 2018-இல் நடுவானில் காற்றழுத்தம் இழந்த அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் 1380 விமானத்தில் எடுத்த படங்களில் பலர் வாயை மட்டும் மூடிக்கொண்டிருந்தார்கள்.

உங்கள் மகளுக்கு இதில் கடினமானது, உதவ ஓடாமல் இருப்பது. அருகில் தொங்கும் முகமூடியை முதலில் தான் அணிந்து, கிடைத்த இடத்தில் உட்கார்ந்து எதையாவது பற்றிக்கொள்ள வேண்டும். விமானம் கீழே இறங்கிச் சமநிலைக்கு வந்த பிறகே கையடக்க ஆக்சிஜன் உருளையோடு பயணிகளிடம் போகலாம். ஒன்றை மட்டும் தன் பயிற்சியாளரிடம் கேட்கச் சொல்லுங்கள்: முகமூடிகள் விழுந்தும் விமானம் இறங்காமல் ஏறிக்கொண்டே போனால், விமானி அறையை அவள் எந்த வழியில், எவ்வளவு விரைவில் அணுக வேண்டும்? பதில் என்னவென்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்