சரக்கு ரயிலும் நம் வாட்ஸ்அப் குழுவும்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

சென்ற வாரம் நம் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் ரயில் நிலையத்தில் நின்றிருந்தபோது, தார்ப்பாய் போர்த்திய ராணுவ வண்டிகளுடன் ஒரு சரக்கு ரயில் கடந்து போயிருக்கிறது. 40 விநாடி படம் பிடித்து, பாட்டுச் சேர்த்து, இன்ஸ்டாகிராமில் ஏற்றிவிட்டான். ஊர்ப் பெயர்ப் பலகை பளிச்சென்று தெரிகிறது. நடைமேடைக் கடிகாரத்தில் மணி 4.10. வண்டிகளை எண்ணிப் பார்த்தேன், 17. கூப்பிட்டுக் கேட்டால், "சித்தப்பா பட்டாளத்தில் இருக்கிறார், ஐயா. பெருமையாக இருந்தது, போட்டேன்" என்கிறான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

ஒற்றன் ஒருவன் நாட்கணக்கில் காத்துக் கிடந்து சேர்க்க வேண்டியதை, பையன் பாட்டோடு பரிமாறிவிட்டான்.

பெரியவர்களும் இப்படித்தான் மாட்டினார்கள். ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலி, தன் பயனர்கள் ஓடிய தடங்களையெல்லாம் ஒளிக்கோடுகளாகக் காட்டும் உலக வரைபடத்தை 2017 நவம்பரில் வெளியிட்டது. யாருடைய பெயரும் அதில் இல்லை. ஆனால் ஆப்கானிஸ்தான், சிரியா பக்கம் இருண்டு கிடந்த நிலத்தின் நடுவே சில கோடுகள் மட்டும் மின்னின. முகாம்களில் இருந்த வெளிநாட்டுப் படையினர் ஓட்டப்பயிற்சி செய்த தடங்கள் அவை. மதிலோரமாக ஓடியவர்கள் முகாமின் வடிவத்தையே வரைந்து கொடுத்திருந்தார்கள். 2018 ஜனவரியில் இதைக் கவனித்துச் சொன்னவர் 20 வயது ஆஸ்திரேலிய மாணவர். அந்த ஆகஸ்டில், களப்பணியில் இருப்போர் இருப்பிடம் காட்டும் வசதிகளைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன் உத்தரவிட்டது.

உண்மையில், பையனைவிட எனக்குக் கவலை தருவது நம் பெற்றோர் குழுதான். 2025 மே மாதம், ஆபரேஷன் சிந்தூர் நாட்களில், "ஏ.டி.எம்.கள் 2, 3 நாள் இயங்காது" என்ற செய்தி அதில் மூன்று முறை வந்தது. பொய் என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் அறிவித்த பிறகும் ஒருமுறை வந்தது. குஜராத்தின் ஹசிரா துறைமுகம் தாக்கப்பட்டதாகச் சொன்ன வீடியோவும் வந்தது. அது 2021இல் எண்ணெய் டேங்கர் வெடித்த காட்சி. பதற்றமான நேரத்தில் ஊரே பணம் எடுக்க வரிசையில் நின்றால், எதிரிக்கு ஒரு குண்டு மிச்சம்.

திருப்பூரில் இருக்கும் நமக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுகிறார்கள் என்று 2023 மார்ச்சில் வீடியோக்கள் பரவின. ஒன்று பீகார் தொழிலாளர்கள் தங்களுக்குள் போட்ட சண்டை, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களின் சண்டை என்று டி.ஜி.பி.யே விளக்க வேண்டியிருந்தது. பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி விசாரித்தது. எல்லாம் பொய் என்று தெரிவதற்குள், பனியன் கம்பெனித் தொழிலாளி ஒருவர் ஆறாம் வகுப்பில் படித்த தன் மகளை அழைத்துக்கொண்டு ரயிலேறிவிட்டார். அவள் திரும்பவில்லை. அவளுடைய தமிழ் நோட்டு இன்னும் ஆசிரியர் அறை அலமாரியில் இருக்கிறது. அந்த வீடியோவை அன்று நம் குழுவிலும் ஒருவர் போட்டார். யார் என்பது வேண்டாம்.

கைப்பேசியைப் பிடுங்கி வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பக்கத்து வீட்டுக் கைப்பேசி கிடைத்துவிடும். இனி நம் குழுவில் வீட்டுப்பாடம், தேர்வு, விடுமுறை தவிர வேறெதுவும் வேண்டாம். பட்டாளத்தில் உறவினர் இருக்கும் வீடுகளில், அவர் எங்கே பணியில் இருக்கிறார், எப்போது விடுப்பில் வருகிறார் என்பதைப் பிள்ளைகள் பதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரும் சனிக்கிழமை காலை 10.30 மணிக்குப் பெற்றோர் கூட்டம். படங்களில் இருப்பிடம் பதிவாகாமல் நிறுத்துவது எப்படி என்று அந்தப் பையனே செய்து காட்டுவான். வீடியோவை அன்றே நீக்கிவிட்டான். கூட்டத்துக்குக் கைப்பேசி கொண்டு வரலாம். அன்று மட்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்