நடும் முன் ஓர் இலையைக் கிள்ளிப் பாருங்கள்: பிளம்ஸ் ரக உருவாக்கத் திட்டப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

தன் மகரந்தத்திலேயே காய்க்கும் பிளம்ஸ் ரகம் தெற்கத்தி மலைகளுக்கு ஏன் வேண்டும் என்பதை நாங்கள் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கலப்பு நாற்றுகளை நிலத்தில் நடுவதற்கு முன்பே மரம் தன் மகரந்தத்தை ஏற்குமா மறுக்குமா என்று தீர்மானிக்கும் எஸ்-மரபணுவின் அடையாளத்தைச் சோதியுங்கள் என்று கேட்டிருந்தோம். "பூத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தது. அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை நீளமாக எழுதுகிறோம்.

கொட்டையிலிருந்து முளைத்த பிளம்ஸ் பூக்க மூன்று முதல் ஐந்து ஆண்டு ஆகும். வரிசைக்கு வரிசை 4 மீட்டர், செடிக்குச் செடி 1 மீட்டர் என்று நெருக்கி நட்டாலும் ஓர் ஏக்கரில் ஆயிரம் நாற்றுதான் அடங்கும். தன்மகரந்தத்தில் காய்க்க வைக்கும் எஸ்-இ என்ற வடிவம், பெற்றோரில் ஒன்றில் மட்டும், அதுவும் அதன் இரண்டு எஸ்-மரபணுப் பிரதிகளில் ஒன்றில் மட்டும் இருந்தால், பொதுவாகப் பிள்ளைகளில் பாதிக்குத்தான் அது கிடைக்கும். மீதி ஐந்நூறு செடிக்கும் எருப் போட்டு, மருந்தடித்து, கவாத்து செய்து, நான்காம் ஆண்டு வெட்டி எறிவீர்கள். மலைச்சரிவில் மட்டமான ஓர் ஏக்கர் கிடைப்பது எவ்வளவு அரிது என்பது உங்களுக்கும் தெரியும்.

சரி, பூத்துவிட்டது. அப்போதாவது உண்மை தெரிந்துவிடுமா? மொட்டு விரியுமுன் கிளைக்கு உறை கட்டி, அதே மரத்தின் மகரந்தத்தைத் தூரிகையால் தடவி, காய் எண்ண வேண்டும். அந்த வாரம் பனியோ சாரலோ பிடித்துக்கொண்டால் மகரந்தம் நனைந்து கெடும், குளிரில் மகரந்தக் குழாய் நத்தையாய் நகரும், சூல் அதற்குள் வாடிவிடும். காய் இல்லை. மரம் தன்மகரந்தத்தை மறுத்ததா, வானம் மறுத்ததா? பக்கத்துக் கிளையில் வேறு ரகத்தின் மகரந்தம் தடவி ஒப்பிட்டுப் பார்க்காத வரை சொல்லவே முடியாது. அந்த ஒப்புக் கிளையிலும் காய் பிடிக்கவில்லை என்றால் அந்த ஆண்டுக் கணக்கே செல்லாது. உறை கிழிந்து ஒரு தேனீ புகுந்திருந்தால் நேர்மாறான பிழை வரும்: காய்க்காத மரம் காய்க்கும் மரமென்று பதிவாகும். ஆயிரம் மரத்துக்கு, மரத்துக்கு நான்கு கிளை வீதம் உறை கட்ட எத்தனை கை வேண்டும், எத்தனை நாள் பூ நிற்கும் என்று யாராவது கணக்குப் போட்டீர்களா?

ஓர் இலை இதையெல்லாம் நாற்றுப் பையிலேயே சொல்லிவிடும். சூல்தண்டில் தன் வடிவமே கொண்ட மகரந்தத்தைத் தடுப்பது ஆர்.என்.ஏஸ் என்ற நொதி; எஸ்-இ வடிவம் அதை மிகக் குறைவாகவே உண்டாக்குகிறது. அதனால் அதே எஸ்-இ கொண்ட மகரந்தத்தை அங்கே தடுக்க ஆளில்லை. லூதர் பர்பாங்க் 1906இல் கலிபோர்னியாவில் வெளியிட்ட சாண்டா ரோசா பிளம்ஸ் ரகம் இதற்குத் தெரிந்த சாட்சி: அதன் இரண்டு வடிவங்கள் எஸ்-சி (தன்மகரந்தத்தை மறுக்கும் சாதாரண வடிவம்), எஸ்-இ.

ஆய்வகத்தில் எங்கே சறுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறோம், பின்னால் "செய்து பார்த்தோம், வரவில்லை" என்ற பதில் வரக்கூடாது என்பதற்காக. முற்றிய இலையில் பீனாலும் பிசினும் மிகுதி, டி.என்.ஏ. பழுப்பேறி, அதைப் பெருக்கும் பி.சி.ஆர். வினை நின்றுவிடும். தளிரை எடுங்கள், அன்றே சிலிக்கா ஜெல்லில் உலர்த்துங்கள், டி.என்.ஏ. பிரித்தெடுக்கும் சி.டி.ஏ.பி. கரைசலில், பீனாலைப் பிடித்துக்கொள்ளும் பி.வி.பி. சேருங்கள். எஸ்-இக்கு மட்டுமான பிரைமரை (எந்தத் துண்டைப் பெருக்குவது என்று குறிக்கும் சிறு டி.என்.ஏ. இழையை) தனியாக ஓட்டாதீர்கள். பெருகிய துண்டைக் காட்டும் பட்டை வராததற்கு எஸ்-இ இல்லாதது காரணமா, வினையே நடக்காதது காரணமா என்று தெரியாமல் போகும். எப்போதும் வரக்கூடிய இன்னொரு மரபணுவின் பிரைமரைக் கூடவே போடுங்கள்; ஒப்பிட்டுப் பார்க்கச் சாண்டா ரோசா ஒரு குழாய், வெறும் தண்ணீர் ஒரு குழாய். எஸ் வடிவங்கள் பலவற்றையும் பெருக்கும் பொதுப் பிரைமரில் ஒரே பட்டை தெரிந்தால் சந்தேகப்படுங்கள். தன்மகரந்தத்தை மறுக்கும் செடியில் இரண்டு வெவ்வேறு வடிவங்கள் இருந்தே தீரும். நீளமான துண்டு பெருகாமல் விட்டுப்போயிருக்கலாம். பெற்றோர் இருவரிடமும் இல்லாத பட்டை வந்தால் அது தேனீயோடு வந்த அந்நிய மகரந்தத்தின் பிள்ளை. பெயர்க் குழப்பமும் உண்டு: ஆப்ரிகாட்டில் எஸ்-சி என்றால் தன்மகரந்தத்தில் காய்ப்பது, ஜப்பானிய பிளம்ஸில் எஸ்-சி சாதாரணமானது. ஒன்றின் அட்டவணையை மற்றதற்கு எடுத்து வைத்தால் எல்லாம் தலைகீழ்.

இதைவிட மலிவான வழியும் இருக்கிறது. உங்கள் தாய்மரங்களை முதலில் சோதியுங்கள். இருபது மரமென்றால் இருபது இலை. எஸ்-சி உள்ள தாய்மரத்தில் சாண்டா ரோசா மகரந்தத்தைத் தடவினால், எஸ்-சி மகரந்தத்தைத் தாயே தடுத்துவிடும், எஸ்-இ மட்டுமே உள்ளே போகும். பிள்ளைகள் அத்தனைக்கும் எஸ்-இ. அதே இணையைத் திருப்பிச் சாண்டா ரோசாவைத் தாயாக்கினால் மறுபடி பாதிக்குப் பாதிதான். எந்தப் பக்கம் தூரிகை போகிறது என்பதில் ஐந்நூறு செடி மிச்சமாகிறது!

செர்ரியில் தன்மகரந்தத்தில் காய்க்கும் ஸ்டெல்லா 1968இல் கனடாவில் வெளிவந்துவிட்டது. நாம் இன்னும் உறை கட்டிக் காத்திருக்கிறோம். ரிப்பன் வெட்டித் திறந்த பசுமைக்குடிலுக்குக் கல்வெட்டு உண்டு, நாற்றுக்கு எஸ் வடிவம் எழுதிய அட்டை கிடையாது. பி.சி.ஆர். கருவிக்குத் தூசி படியாமல் துணி போர்த்தி வைத்திருப்பது பாராட்டத்தக்கது; அவ்வப்போது அந்தத் துணியை எடுத்தால் இன்னும் பாராட்டுவோம். கோபம் சற்று மேலே வந்துவிட்டது, மன்னிக்கவும்.

மரபணு அடையாளமே முடிந்த முடிவு என்று நாங்கள் சொல்லவில்லை. எஸ்-இ இருந்தும் காய்ப்பு குறைவான மரம் உண்டு. வேறு காரணத்தால் தன்மகரந்தத்தில் காய்ப்பதும் உண்டு. பழத்தின் சுவை, குறைந்த குளிரில் பூக்கும் குணம் எதையும் இந்தச் சோதனை சொல்லாது. தேறிய சில மரங்களுக்கு உறை கட்டிப் பாருங்கள், மூன்று பருவம் பாருங்கள். ஆயிரத்துக்கும் வேண்டாம் என்பதுதான் எங்கள் பேச்சு.

ஆகவே மீண்டும் கேட்கிறோம்: நடுவதற்கு முன் சோதியுங்கள். தாய்மரங்களின் எஸ் வடிவங்களைப் பொதுவில் வையுங்கள். இந்தப் பருவத்துக் கொட்டைகள் இன்னும் குளிர்பெட்டியில் ஈர மணலில்தான் இருக்கின்றன. அவை முளைத்து நான்கு இலை விடுவதற்குள் உங்கள் முடிவைத் தெரிவிக்க வேண்டுகிறோம். மறுப்பதாக இருந்தால், தயவுசெய்து இம்முறை காரணத்தோடு மறுங்கள்.

இப்படிக்கு,
மலைத்தோட்டப் பிளம்ஸ் விவசாயிகளும் நாற்றங்கால்காரர்களும்