ஒரே பெட்டி, ஒரே அடாப்டர்

அன்புள்ள கயலு,

நீ அனுப்பிய படம் வந்தது. நோட்டுத்தாளில், கித்தார் சத்தத்தை மாற்ற நீ செய்யப்போகிற பெடல் பெட்டி, உள்ளே நாலு கட்டம், கீழே ஒரே வரி: “எல்லாத்துக்கும் ஒரு அடாப்டர் போதுமாம்மா?” சாப்பிட்டாயா, அப்பாவுக்கு முட்டி எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. போகட்டும். கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன்.

போதும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்கு. முன்னால் வரும், சிக்னலை வலுவிழக்காமல் கடத்துகிற டிஎல்072 பஃபருக்கு 3 மில்லியாம்ப். சத்தத்தைக் கரகரப்பாக்குகிற, 4558 போட்ட ஓவர்டிரைவுக்கு 5. எதிரொலி தருகிற பிடி2399 டிலேக்கு அதிகபட்சம் 30, அதன் மிக்ஸர் ஐசிக்கு இன்னொரு 3. பெரிய ஹால் மாதிரி முழக்கம் தருகிற பெல்ட்டன் ரிவெர்ப் பிரிக் மட்டும் 100 வரை கேட்கும். நாலு எல்.ஈ.டி.க்கும் 4.7 கிலோஓம் வீதம் போட்டால் மொத்தம் 6. ஆக 150க்குள் அடங்கிவிடும். நீ 9 வோல்ட், 500 மில்லியாம்ப் வாங்கு. மில்லியாம்ப் கூட இருந்தால் ஒன்றும் ஆகாது, வோல்ட்தான் கூடக்கூடாது. 12 வோல்ட் அடாப்டர் வீட்டில் சும்மா கிடக்கிறதே என்று எடுத்துச் சொருகிவிடாதே.

கித்தார் பெடல்களில் நடு பின் நெகட்டிவ். ரூட்டர், சிசிடிவி அடாப்டர்களில் பெரும்பாலும் நடு பின் பாசிட்டிவ். பிளக் அளவு இரண்டிலும் பெரும்பாலும் ஒன்றே, அதனால் தடங்கல் இல்லாமல் உள்ளே போகும். மல்டிமீட்டரின் சிவப்பு புரோபை உள்ளேயும் கறுப்பை வெளியேயும் வைத்துப் பார். மீட்டர் மைனஸ் 9 காட்டினால் சரியானது. இருந்தாலும் டிசி ஜாக்கை ஒட்டியே ஒரு 1என்5817 டயோடை சீரீஸில் போட்டுவிடு. கால் வோல்ட் போகும், போனால் போகட்டும்.

அடாப்டர் பெட்டிக்கு வெளியேதான் இருக்க வேண்டும். அடாப்டருக்குள் இருக்கிற எஸ்.எம்.பி.எஸ். போர்டைக் கழற்றி உள்ளேயே வைத்துவிட்டால் ஒரே வயரில் முடிந்துவிடும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். 230 வோல்ட்டைக் காலால் மிதிக்கிற அலுமினியப் பெட்டிக்குள் கொண்டுவராதே.

இனி உள்வேலை. ஜாக்கிலிருந்து வரும் 9 வோல்ட்டை இரண்டாகப் பிரி. ஒன்று பஃபர், ஓவர்டிரைவ், மிக்ஸருக்கு. அந்த வழியில் 47 ஓம், பிறகு கிரவுண்டுக்கு 220 மைக்ரோஃபாரட். இந்தப் பக்கம் 11 மில்லியாம்ப்தான் ஓடுகிறது, அரை வோல்ட் விழும், இரைச்சல் வடிந்துவிடும். இன்னொன்று டிலேக்கும் ரிவெர்ப்புக்கும், 7805 ரெகுலேட்டர் வழியாக 5 வோல்ட். அந்தப் பக்கம் ரெசிஸ்டர் போடாதே. லேபில் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிற இடம் இதுதான். 100 மில்லியாம்ப் ஓடும்போது 47 ஓமில் 4.7 வோல்ட் விழுந்துவிடும். 7805 ஒழுங்காக வேலை செய்ய உள்ளே 7 வோல்ட்டாவது வர வேண்டும். நாலு வோல்ட் வந்தால் ரிவெர்ப் கரகரக்கும், நீ பிரிக் கெட்டுப்போனது என்று நினைத்து இன்னொன்றுக்குக் காசு கொடுப்பாய். சின்ன 78எல்05 வேண்டாம், அது 100க்கு மேல் தாங்காது. கால்களும் தலைகீழ்: 7805-ஐ எழுத்து தெரியப் பிடித்தால் இடமிருந்து உள், கிரவுண்டு, வெளி, 78எல்05-ஐத் தட்டை முகம் தெரியப் பிடித்தால் வெளி, கிரவுண்டு, உள். ரெகுலேட்டர் காலோடு ஒட்டி உள்ளே 0.33, வெளியே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் கட்டாயம்.

கிரவுண்டையும் அப்படியே இரண்டாகக் கொண்டுபோ. டிலே, ரிவெர்ப் கிரவுண்டு ஒரு வயர், மற்றவை ஒரு வயர், இரண்டும் டிசி ஜாக்கில் மட்டும் சந்திக்கட்டும். பிடி2399 உள்ளே ஓடும் கிளாக் கரன்ட் ஓவர்டிரைவின் கிரவுண்டு வயரில் கலந்தால் வாசிக்காதபோதும் ‘கீ’ என்று மெல்லிய சத்தம் வந்துகொண்டே இருக்கும். அதற்குப் பிறகு எந்த ஃபில்டர் போட்டும் புண்ணியமில்லை. கித்தார் ஜாக் எல்லாம் பிளாஸ்டிக் உடம்பு உள்ளதாக வாங்கு. பெட்டி, இன்புட் ஜாக் கிரவுண்டோடு ஒரே ஒரு இடத்தில் சேர்ந்தால் போதும்.

ஸ்விட்ச் விஷயம். காலால் மிதிக்கிற 3பிடிடி ஸ்விட்ச் ஆறு எண்ணம் இங்கிருந்து அனுப்பினேன், 1என்4148 டயோடும் சொருகிக் கழற்றுகிற ரெலிமேட் கனெக்டரும் சேர்த்து. பார்சல் திரும்பி வந்துவிட்டது. ‘ஆள் இல்லை’ என்று எழுதியிருந்தது. ஆபீஸ் முகவரிக்கு அனுப்பட்டுமா என்று கதிரிடம் கேட்டேன், வேண்டாம்மா என்றான். ஏன் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அங்கே பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் எல்லாம் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். கிடைக்கிறது என்பதற்காகக் கடன் வாங்கி வாங்காதே. என்ன வேண்டுமோ எழுது, ரிச்சி தெருவில் வாங்கி அனுப்புகிறேன்.

அந்த ஸ்விட்சில் சால்டர் வைக்கும்போது ஒரு காலுக்கு மூன்று விநாடிக்கு மேல் அயர்னை வைக்காதே. உள்ளே பிளாஸ்டிக் இளகிக் கால் சாய்ந்துவிடும். வெளியே பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும், நாலு மிதியில் ஒரு மிதி வேலை செய்யாது. ஒரு காலுக்கு வைத்தபின் பக்கத்துக் காலுக்குப் போகாமல் எதிர் மூலைக்குப் போ. ஸ்விட்ச் போடும்போது ‘டப்’ என்று கேட்டால் ஒவ்வொரு பிளாக்கின் உள்ளிலும் வெளியிலும் கிரவுண்டுக்கு 1 மெகாஓம் வை.

வரிசை நீ போட்டது சரி: பஃபர், ஓவர்டிரைவ், டிலே, ரிவெர்ப். பஃபர் எதற்கு என்று உன் டிரம்மர் கேட்டானாமே. கேபிள் மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட். ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) வரை 12 மீட்டர் போனால் 1200. அத்தனையும் கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற பிக்கப்பின் தலையில் விழுந்தால் மேல் சுருதியின் பளிச்சு போய்விடும். 1 மெகாஓம் இன்புட் உள்ள பஃபர் முதலிலேயே இருந்தால் பிரச்சினை இல்லை. பின்னால் ஜெர்மேனியம் ஃபஸ் பெடல் வாங்கினால் மட்டும் அது பஃபருக்கு முன்னால் வர வேண்டும். கித்தாரின் வால்யூமைக் குறைத்தால் சத்தம் தெளிகிற குணம் அதற்கு நேரடியாகச் சேர்ந்தால்தான் உண்டு.

ஓவர்டிரைவ் டியூப் ஸ்க்ரீமர் பெடல் மாதிரிதானே. அதில் 4.7 கிலோஓமும் 0.047 மைக்ரோஃபாரடும் சேர்ந்து 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே கெயினைக் குறைக்கும். நீ தனியாக வாசிக்கும்போது ஒல்லியாகக் கேட்கிறது என்றால் 0.047-ஐ 0.1 ஆக்கிப் பார், அந்த எல்லை 340க்கு இறங்கும். பேஸ் கித்தாரோடு சேர்ந்து வாசிக்கும்போது பழையதுதான் நன்றாக இருக்கும். சாக்கெட் வைத்து இரண்டையும் கேட்டுப் பார், உன் காது என்னுடையதைவிட நல்ல காது. மாடி விழாவில் நீ வாசித்த வீடியோவை அப்பா திருநகர் அத்தை வீட்டில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினார். உன்னிடம் சொல்ல மாட்டார்.

டிலேயில் பிடி2399இன் 6ஆம் காலில் 50 கிலோஓம் திருகு குமிழோடு (பொட்டென்ஷியோமீட்டர்) 2.7 கிலோஓம் சீரீஸாக இருக்கட்டும். குமிழைச் சுத்தமாகக் குறைத்து வைத்துப் பவர் போட்டால், அந்த ரெசிஸ்டர் இல்லாத சிப் அப்படியே உறைந்து நின்றுவிடும். 340 மில்லிசெகண்டுக்கு மேல் இழுத்தால் இரைச்சல் ஏறும், அது அந்தச் சிப்பின் குணம்.

எல்லாவற்றையும் ஒரே போர்டில் பற்றவைக்காதே. துளை மட்டும் போட்ட வெற்று போர்டான ஜீரோ பிசிபி நாலு, நாலுக்கும் ரெலிமேட். ஒன்று படுத்தால் கழற்றி எடுக்கலாம். ஓவர்டிரைவுக்கும் டிலேக்கும் நடுவில் சென்ட், ரிட்டர்ன் என்று இரண்டு ஸ்விட்சிங் ஜாக் வை. மேடையில் டிலே போய்விட்டால் சென்டிலிருந்து நேரே ஆம்புக்குக் கேபிள் போட்டு மிச்சப் பாட்டை முடித்துவிடலாம். எப்போதும் இன்னொரு வழி வைத்துக்கொள். அப்படி ஒரு வழி இங்கே இருக்கிறது, மாடி அறையை யாருக்கும் கொடுக்கவில்லை.

பெட்டிக்கு 2 மி.மீ. அலுமினியத் தகடு. ஸ்விட்ச் நடுவுக்கு நடு 75 மி.மீ., இல்லாவிட்டால் ஷூ இரண்டையும் சேர்த்து மிதிக்கும். ஸ்விட்சுக்கு 12, ஜாக்குக்கு 10, குமிழுக்கு 7 மி.மீ. துளை. முதலில் பஞ்ச் வைத்துத் தட்டு, 3 மி.மீ. போடு, பிறகு பெரிது. உள்பக்கமிருந்து அளந்தால் இடம் வலமாகிவிடும், மேல்பக்கம் தாள் ஒட்டியே குறி. இன்புட் ஜாக்கிலிருந்து வரும் வயர் ஷீல்டு வயராக இருக்கட்டும், ஷீல்டை ஒரு முனையில் மட்டும் கட்டு. அவுட்புட் வயரோடு சேர்த்துக் கட்டிவிடாதே, ஓவர்டிரைவை ஏற்றியதும் வீச்சென்று கத்தும்.

முதல்முறை ஐசி எதையும் சாக்கெட்டில் சொருகாமல் பவர் போடு. 4558இன் 8ஆம் இடத்தில் எட்டரைக்குக் குறையாமல், 4இல் பூஜ்யம், பிடி2399இன் முதல் இடத்தில் 5. சரியாக இருந்தால் அணைத்துவிட்டுச் சொருகு. மறுபடி போட்டதும் 4558இன் 1, 7 கால்களில் நாலு, நாலேகால் வர வேண்டும். வந்தும் சத்தம் இல்லை என்றால் ஒரு வயர் முனையில் 0.1 கெபாசிட்டர் கட்டி ஆம்பில் சொருகி, இன்புட்டிலிருந்து ஒவ்வொரு காலாகத் தொட்டுக்கொண்டே போ. எங்கே சத்தம் நிற்கிறதோ அதற்கு முந்திய இணைப்பில்தான் சரியாகப் பிடிக்காத ட்ரை சால்டர்.

அடாப்டர் வெளியே. சொல்லிவிட்டேன், மறுபடியும் சொல்கிறேன். ஹம் வருகிறது என்று ஆம்ப் பிளக்கின் மூன்றாவது பின்னை, அதாவது எர்த் பின்னை, யாரும் வெட்ட விடாதே. கித்தார் கம்பி ஆம்பின் எர்த்தோடு சேர்ந்தது, உன் கை எப்போதும் அதில். 1972 மே 3ஆம் தேதி வேல்ஸில் உள்ள ஸ்வான்ஸீயில் ஸ்டோன் தி க்ரோஸ் ராக் குழுவின் கித்தார் கலைஞர் லெஸ் ஹார்வி மேடையிலேயே இறந்துபோனார், எர்த் ஒழுங்காக இல்லாத மைக்கைத் தொட்டதால். புது இடத்துக்குப் போனால் வாயை மைக்கில் வைக்கும் முன் மீட்டரை ஏசி 250இல் வைத்து ஒரு புரோப் கம்பியிலும் ஒன்று மைக் வலையிலும் வை. ஓரிரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வாசிக்காதே. எவ்வளவு பணம் கொடுத்தாலும், யார் கோபித்துக்கொண்டாலும் வாசிக்காதே.

வாங்கும் முன் அடாப்டர் லேபிளைப் படமெடுத்து அனுப்பு. ராத்திரி பதினொன்றானாலும் பார்ப்பேன்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: கூரியர்க்காரர் பின்கோடு இல்லாமல் பார்சல் எடுக்க மாட்டேன் என்கிறார்.