ஆடியில் வேண்டாம், தை பிறக்கட்டும்

ஆரல்வாய்மொழி

அன்பு மகள் செல்விக்கு,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தை இரண்டு முறை படித்தேன். திருவனந்தபுரத்துக்கும் சென்னைக்கும் இடையிலுள்ள ஏறக்குறைய 770 கிலோமீட்டரைத் தோழிகள் இருவருடன் ஜூலை மாதத்தில் ஆறே நாளில் மிதித்துக் கடக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். போக வேண்டாம் என்று சொல்ல நான் எழுதவில்லை. அதை உன் அம்மை தொலைபேசியிலேயே சொல்லி முடித்துவிட்டாள். முப்பது ஆண்டுகள் வாடகை சைக்கிள் கடை நடத்தியவன் என்ற உரிமையில், மாதத்தையும் நாள் கணக்கையும் மாற்றச் சொல்லவே எழுதுகிறேன்.

தென்மேற்குப் பருவக்காற்று முதுகைத் தள்ளும் என்பதால் ஜூலையைத் தேர்ந்தெடுத்ததாகச் சொல்கிறாய். அந்தக் கணக்கு காவல்கிணறு வரைக்கும்தான் சரி. மேற்கிலிருந்து வரும் காற்று நம் ஊர்க் கணவாயில் மலைகளுக்கு நடுவே நெருக்குண்டு வேகமெடுப்பதால்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. நாகர்கோவிலிலிருந்து காவல்கிணறு வரை சாலை வடகிழக்காகச் செல்வதால் நீ மிதிக்காமலே சைக்கிள் ஓடும். அங்கே திருநெல்வேலியை நோக்கி வடக்கே திரும்பியதும், அதே காற்று உன் இடது தோளில் அறையத் தொடங்கும். நாம் இடது ஓரத்தில் போகிறவர்கள், லாரிகளோ வலப்புறம் முந்துகிறவை. ஆகவே ஒவ்வொரு வீச்சும் உன்னை லாரியின் பக்கமாகவே தள்ளும். அதற்கு ஈடுகொடுக்க இடப்புறம் சாய்ந்து ஓட்டப் பழகினாலும், ஒரு மேம்பாலத்தின் அடியில் காற்று சட்டென்று அறுந்துபோகும்போது சாய்ந்த பக்கமே விழ நேரும்.

1982 ஆடி மாதத்தில், அது இருவழிச் சாலையாக இருந்தபோது, கேரியரில் இரண்டு டயர்களைக் கட்டிக்கொண்டு வள்ளியூருக்குப் போன நான் ஒரே வீச்சில் சாலையின் நடுவுக்கு வந்துவிட்டேன். எதிரே வந்த பேருந்தை ஓட்டுநர் மண்ணில் இறக்கி நிறுத்தியதால் பிழைத்தேன். பிறகு அவர் சொன்னவற்றை மகளுக்கு எழுத முடியாது. அன்று நான் ஓட்டியது கனத்த இரும்புச் சைக்கிள். உன்னுடையது அதில் பாதி எடைகூட இராது என்பதை நினைத்துப் பார்.

ஆகவே பொங்கல் கழிந்து புறப்படு மக்களே. தை மாதத்தில் வடகிழக்குக் காற்று முகத்துக்கு எதிரே வரும் என்பது உண்மைதான். ஆனால் அது ஆடிக் காற்றைப்போல முரட்டுத்தனமானதன்று, வேகத்தைக் குறைக்குமேயன்றி ஆளைத் தள்ளாது. ஐப்பசி, கார்த்திகை மழையும் அதற்குள் ஓய்ந்திருக்கும். கோவில்பட்டியிலிருந்து சாத்தூர், விருதுநகர் வரையிலான கரிசல் பூமியில் சாலையோர நிழல் அரிது. அங்கே கோடையில் சைக்கிள் ஓட்டுவதை நினைக்கவே வேண்டாம்.

நாள் கணக்கில் எட்டு நாள் வைத்துக்கொள். முதல் நாள் நம் வீட்டோடு நிறுத்து. 80 கிலோமீட்டர்தானே என்று நீ சலித்துக்கொள்வாய். களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை வழியாக வரும் அந்தத் தூரம்தான் முழுப் பயணத்திலும் கடினமானது என்பது என் எண்ணம். ஏற்றமும் இறக்கமும் மாறிமாறி வரும், சாலை ஒடுங்கியது, பேருந்துகள் உரசிக்கொண்டு போகும். நீ குறித்திருக்கும் திங்கட்கிழமைக்குப் பதிலாக ஞாயிறு விடியற்காலையில் புறப்பட்டால் நெரிசல் குறைந்திருக்கும். இன்னொன்று, இரண்டு தலைநகரங்கள் என்று எழுதிய நீ மூன்றாவதை மறந்துவிட்டாய். தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவனந்தபுரத்துக்கு மாறும்வரை, திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த ஊர். 1956-இல் நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த பிறகும் அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பிலேயே இருக்கிறது. அதற்குத் திங்கட்கிழமை விடுமுறை.

இரண்டாம் நாள் கோவில்பட்டி, மூன்றாம் நாள் மதுரை, அங்கே ஒரு நாள் ஓய்வு. பிறகு திருச்சி, உளுந்தூர்பேட்டை, மேல்மருவத்தூர் என்று தங்கிச் சென்றால் எட்டாம் நாள் சென்னை. மாலை ஐந்து மணிக்கு மேல் யாரும் சாலையில் இருக்கக்கூடாது என்பது அம்மை சேர்க்கச் சொன்ன நிபந்தனை. எனக்கும் அதில் மறுப்பில்லை.

நான்குவழிச் சாலை அகலமாக இருக்கிறது என்று அசந்துவிடாதே. வெடித்த லாரி டயர்களின் மெல்லிய கம்பிகள் ஓரக் கோட்டுக்கு வெளியேதான் ஒதுங்கிக் கிடக்கும். அவை குத்தியது கண்ணுக்கே தெரியாது. கரிசல் பக்கத்தில் கருவேல முள்ளும் சேர்ந்துகொள்ளும். இவற்றைவிட எனக்குக் கவலை தருவது, சுற்றி வரச் சோம்பி அதே ஓரத்தில் எதிர்த்திசையில் வரும் மோட்டார் சைக்கிள்கள்தான். பாலங்களில் அந்த ஓரமும் குறுகிவிடும் என்பதால், அங்கே மூவரும் ஒருவர் பின் ஒருவராகவே செல்லுங்கள்.

கடைசியாக என் தொழில் சம்பந்தமான ஒன்று. உன் சைக்கிளின் வால்வு மெலிந்து நீண்ட பிரெஸ்டா வகை. வழியிலுள்ள சைக்கிள் கடைப் பம்பும் அதில் பொருந்தாது, லாரிப் பஞ்சர் கடையின் காற்றுக் குழாயும் பொருந்தாது. ஆகவே ஆளுக்கு ஒரு பித்தளை அடாப்டரும், மூவருக்கும் பொதுவாக ஒரு கைப்பம்பும் வேண்டும். ஒட்டுப் போடத் தெரியும் என்கிறாய். சாலையோர வெயிலில் சொல்யூஷன் காயும்வரை காத்திருக்கப் பொறுமை இராது, டியூபையே மாற்றிவிட்டு இரவில் ஒட்டு போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் அளவு டியூப் சிறிய ஊர்களில் கிடைக்காது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண்களை மூன்று சைக்கிளிலும் பார்த்து எழுதி அனுப்பு. நாகர்கோவிலில் ஆறு டியூப் வாங்கி வைக்கிறேன். நீங்கள் வந்து தங்கும் இரவில் மூன்று சைக்கிளுக்கும் நானே சக்கரக் கோட்டம் எடுத்துத் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா